சாம்பல் பட்டை

செவ்வாய்க்கிழமை காலைப் பணியில் ஜெசிந்தா மூன்று கணவர்களையும் இரண்டு மனைவிகளையும் கல்வத்தில் போட்டு அரைத்து முடித்துவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தாள்.

வெண்குழியில் அப்படித்தான் சொல்வார்கள். பூமியில் இருக்கும் கணவன் அனுப்பிய இலை கணவன், மனைவி அனுப்பிய இலை மனைவி. "ஒங்க வீட்டுக்காரர எப்ப அரைக்காங்க?" என்று உணவுக்கூடத்தில் ஒருத்தி கேட்பாள். "வியாழக்கெழம" என்று மற்றவள் சொல்லிவிட்டு அடுத்த வாய் சாப்பிடுவாள்.

செரஸ் என்னும் குறுங்கோளில் ஒரு பெரும்பள்ளத்தின் அடியில் இருக்கிறது வெண்குழி. தரையெல்லாம் வெள்ளை உப்பு, அதற்குக் கீழே பனி. உப்பை விலக்கிப் பனியைத் தோண்டி, வருகிற போகிற கப்பல்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அங்கே தொழில். எண்ணூறு பேர் வசிக்கிறார்கள். பாதிக்கு மேல் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். உப்போடு பழகியவர்கள்தானே என்று ஆள் எடுத்தவர்கள் நினைத்திருக்கலாம். அவர்களில் இருநூறு பேரின் கணவனோ மனைவியோ பூமியில்தான் இருந்தார்கள்.

முழு இலையை வெண்குழிக்குள் கொண்டுவரக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்த மாவிலையில் ஒட்டியிருந்த பூஞ்சை, உணவு விளையும் பாசித் தொட்டிகளை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டது. ஒன்பது மாதம் எல்லோரும் பிஸ்கட் தின்றார்கள். அதற்குப் பிறகு வந்தது சட்டம். உறையவைத்து மூடிய குப்பியில் வரும் இலையை வெளிவாசலிலேயே அரைத்து, சாறு எடுத்து, நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் பட்டைகளாக உரியவர் கையில் கொடுப்பார்கள். இதைச் செய்யும் இடத்துக்கு இலை அவிழ்ப்பகம் என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகளாக அதன் பிரிப்பாளர் ஜெசிந்தா. துணைக்கு மெய்யன் என்ற இயந்திரம். அது அளக்கும், பதிவு செய்யும், புத்தகத் தமிழில் பேசும்.

இவ்வளவு பாடுபட்டு ஓர் இலையை ஏன் வரவழைக்க வேண்டும், பேசிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பூமியோடு பேசும்போது எல்லோர் காதோரத்திலும் சொல்துணை என்ற கருவி இருந்தது. "சாப்பிட்டியா" என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், அது நாலு வரி நல்ல தமிழில், தேன் தடவி, அவர் குரலிலேயே போய்ச் சேரும். சண்டைக்காரக் கணவன்கூட அமுதமாகப் பேசினான். எல்லோரும் அமுதமாகப் பேசிய பிறகு யார் சொல்லையும் யாரும் நம்புவதில்லை என்றாகிவிட்டது. இலை பேசாது. ஆகவே இலை பொய் சொல்லாது என்று வெண்குழி முடிவுகட்டியது.

தகட்டில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் வரும். உச்சியில் ஆரஞ்சு மஞ்சள், பிறகு சாம்பல், அதன் கீழே நீலப்பச்சை, மஞ்சள்பச்சை, கடைசியில் வெளிர்மஞ்சள். மற்ற நிறங்களைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சாம்பலைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து கிடையாது. அனுப்பியவர் மனம் வாடினால் சாம்பல் அகலமாகும். ஆசையாகப் பறித்த இலையில் அது மெல்லிய கோடு, கடமைக்குப் பறித்த இலையில் தடித்த பட்டை. நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் குடும்பநல அலுவலகம் தம்பதியின் காத்திருப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்து கொடுக்கும், பிறகு மறுமணம் செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு எல்லோர் இலையிலும் சாம்பல் கூடிக்கொண்டே போனதை வைத்து ஓர் ஆய்வாளர் 'தொலைவன்புத் தேய்வு விதி' என்று ஒன்றைக் கண்டுபிடித்துப் பட்டமும் வாங்கியிருந்தார்.

ஜெசிந்தாவின் கணவர் தங்கதுரை தூத்துக்குடியில் இருந்தார். வெண்குழி வேலைக்கு இருவருமாகத்தான் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி உடற்பரிசோதனையில் அவர் காதில் ஏதோ சமநிலைக் கோளாறு என்று நிறுத்திவிட்டார்கள். நான்கு வருஷம்தானே என்று அவள் மட்டும் வந்தாள். ஆள் ஏற்றும் கப்பல் நான்கு ஆண்டுக்கு ஒன்று. முதல் கப்பலில் அவளுக்குப் பதிலாள் வரவில்லை. இரண்டாம் கப்பலில் பதிலாள் வந்தாள், ஜெசிந்தாதான் போகவில்லை. அந்த ஆண்டு தங்கதுரை அனுப்பிய பூவரச இலையில் சாம்பல் மூன்று மில்லிமீட்டர் இருந்தது. வா வா என்று சொல்துணை வழியே அவர் உருகிக்கொண்டிருக்க, இலையோ 'வேண்டாம்' என்றது. அவள் இலையை நம்பினாள். பதிலாளாக வந்தவள் பாசித் தொட்டி வேலைக்கு மாறிக்கொண்டாள்.

இப்போது மூன்றாம் கப்பல் வந்து நிற்கிறது. சனிக்கிழமை கிளம்புகிறது. ஜெசிந்தாவின் பெயரில் ஓர் இருக்கை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த கப்பல் அவளுக்கு உதவாது. பதின்மூன்று ஆண்டுக்கு மேல் செரஸின் சொற்ப எடையில் வாழ்ந்த எலும்பு பூமியைத் தாங்காது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போனால் இப்போது, இல்லையென்றால் இல்லை.

தங்கதுரையின் இலை ஒரு வாரமாகக் குளிர்ப்பெட்டியில் கிடந்தது. அரைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பன்னிரண்டு வருஷத்தில் குறையவே இல்லை. தேநீர் குடிக்கும்போது எதிர் நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள். அவர் கால் நீட்டி உட்காருகிறவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இருதயராஜ் வந்தான். பனி தோண்டுகிறவன், முப்பது வயது, மனைவி ஸ்டெல்லா பூமியில். போன ஆண்டு அவன் தகட்டில் சாம்பல் மூன்று புள்ளி எட்டு. இந்த ஆண்டு நான்கைத் தாண்டிவிடும் என்று சாப்பாட்டைக்கூட விட்டிருந்தான். உரியவர் தன் கையால் இலையைக் கல்வத்தில் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"யக்கா, வேல முடிஞ்சு நேரா வாரேன். கையுறகூட கழட்டல" என்றபடியே இலையைப் போட்டான். கையுறையிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. "அய்யய்யோ, உப்பு விழுந்துட்டே!"

"உப்புதான? வடிகட்டுனா போயிரும். நீ ஒக்காரு."

அசிட்டோன் விட்டு அரைத்தாள். வடிகட்டிய சாற்றைச் சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் கோடாக இட்டு, கரைப்பான் ஜாடிக்குள் நிறுத்தினாள். நிறங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"சாம்பல் பட்டை காணப்படவில்லை" என்றது மெய்யன்.

"திரும்பப் பாரு" என்றாள் ஜெசிந்தா.

"திரும்பப் பார்த்தேன். காணப்படவில்லை."

இருதயராஜ் துள்ளிக் குதித்தான். செரஸில் அப்படிக் குதிக்கக் கூடாது. உத்தரத்தில் தலை இடித்து, மெதுவாகக் கீழே இறங்கி வரும்போதும் சிரித்துக்கொண்டே வந்தான். "அவ மறக்கலக்கா! ஸ்டெல்லா என்ன மறக்கல!" என்று தகட்டை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு போனான்.

ஜெசிந்தாவுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு அது உறுத்தத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டில் சாம்பலே இல்லாத தகட்டை அவள் பார்த்ததில்லை. கல்யாணமான மறுநாள் பிரிந்து வந்தவர்களுக்கும் ஒரு கோடாவது இருக்கும். மூன்று புள்ளி எட்டு எப்படி ஒன்றுமில்லாமல் போகும்? ஸ்டெல்லா அப்படி என்ன புதிதாக ஆசைப்பட்டுவிட்டாள்? இந்த இலைக்கும் மற்ற இலைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கை உப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் தங்கதுரையின் இலையை எடுத்தாள். உள்ளங்கை அகலப் பூவரச இலை. நடு நரம்பின் வழியே இரண்டாக வெட்டினாள்.  ஒரு பாதியை எப்போதும்போல அரைத்தாள். மறுபாதியில் ஒரு சிட்டிகை வெள்ளை உப்புப் போட்டு அரைத்தாள். இரண்டு தகடுகளையும் ஒரே ஜாடியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

"முதல் தகடு: சாம்பல் நான்கு புள்ளி ஐந்து மில்லிமீட்டர்" என்றது மெய்யன். "இரண்டாம் தகடு: காணப்படவில்லை. இரண்டு இலைகளும் வெவ்வேறு நபர்கள் அனுப்பியவையா?"

"ஒரே ஆளுதான்" என்றாள். "ஒரே இலதான்."

விஷயம் இதுதான். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் புளிப்புப் பட்டால் போதும், அது எழுந்து போய்விடும். அது போனால் பச்சை போய்ச் சாம்பலாகும். புளி விட்டுக் கடைந்த கீரை நிறம் மங்குவது அதனால்தான். இலையை அரைக்கும்போது அதன் உள்ளே அடைபட்டிருந்த அமிலம் வெளியே வருகிறது. தகட்டில் இருக்கும் சிலிக்காவும் லேசான புளிப்பு. வெண்குழியில் அசிட்டோனைக் கொட்டிவிட முடியாது, காய்ச்சி வடித்து மறுபடி அதையே பயன்படுத்துவார்கள். முப்பது ஆண்டாகச் சுற்றிவந்த அசிட்டோன் ஆண்டுக்கு ஆண்டு புளித்துக்கொண்டே வந்தது. அன்பு தேயவில்லை, கரைப்பான் புளித்தது. காலடியில் கொட்டிக் கிடக்கும் வெள்ளை உப்பு சோடியம் கார்பனேட், அதாவது காரம். ஒரு சிட்டிகை போட்டால் புளிப்பு அடங்கிவிடும், மக்னீசியம் இருந்த இடத்தில் இருக்கும், இலை தன் பச்சையோடு இருக்கும்.

சாம்பல் எந்த மனிதர் மனத்திலிருந்தும் வரவில்லை. ஜெசிந்தாவின் கல்வத்திலிருந்து வந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் அந்த மூன்று மில்லிமீட்டரைப் பார்த்துவிட்டுத்தானே கப்பலை விட்டோம் என்று நினைத்தாள். அழுதாள். செரஸில் கண்ணீர் விழாது, கன்னத்திலேயே உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும், கையால் துடைத்தால்தான் போகும். அவள் துடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை இரண்டு தகடுகளையும் எடுத்துக்கொண்டு குடும்பநல அலுவலர் பாக்கியநாதனிடம் போனாள். ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டுத் தகடுகளை விளக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன ரத்து போட்டுருக்கோம்?"

"எழுபத்தாறு சார்."

"அதுல முக்காவாசிப் பேரு மறு கல்யாணம் பண்ணி, பிள்ளையும் பெத்துட்டாங்கம்மா. அவங்க வீட்டுக்குப் போயி, உப்புப் போட மறந்துட்டோம்னா சொல்லச் சொல்லுதீங்க?"

 பாக்கியநாதனும் ஒரு ரத்துக்குப் பிறகு இங்கே மறுமணம் செய்துகொண்டவர்தான். அவர் தகடுகளை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எனக்கு நாலு புள்ளி ஒண்ணு. அதுவும் இப்பிடித்தானா?"

"ஒங்களுதும் நாந்தான் சார் அரச்சேன்."

அவர் தலையை ஆட்டினார், வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இனிமே எல்லா இலைக்கும் உப்புப் போடுங்க. வெளிய ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றார். "நீங்களாவது ஊர் போய்ச் சேருங்கம்மா. நாளைக்குச் சாயங்காலம் வரைதான் நேரம்."

போய்விடலாம் என்றுதான் அவளும் நடந்தாள். பாதி வழியில் கால் தயங்கியது. சாம்பல் இல்லை என்றால் மனம் வாடியதற்குச் சாட்சி இல்லை, அவ்வளவுதான். வாடவில்லை என்பதற்கும் சாட்சி இல்லையே? உப்புப் போட்டால் யார் இலையும் பச்சைதான், வெறுத்துப்போனவன் இலையும் பச்சைதான். பன்னிரண்டு வருஷமாகத் தன்னிடம் பேசிய ஒரே ஊமையும் பொய்யாகிவிட்டது. இனி வாயைத் திறந்து அவரிடமே கேட்க வேண்டும். இந்த யோசனை வந்ததும் அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவ்வளவு பயம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், காதோரத்தில் இருந்த சொல்துணையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவரிடம் சொந்த வாயால் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று!  நான்கு முறை அழித்து ஐந்தாம் முறை அனுப்பினாள்.

"ஏங்க... நாந்தான். சொல்துண இல்லாமப் பேசுதேன். நீங்களும் அதக் கழட்டி வச்சிட்டுப் பேசுங்க. ஒங்க இலைல ஒண்ணும் தப்பில்லங்க, தப்பு எங்க பக்கம். அது பெரிய கத, நேர்ல சொல்லுதேன். இல்ல... நேர்ல சொல்லவான்னுதான் கேக்கேன். கப்பல் நிக்கி. இதுதான் கடைசி. நா வரவா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வரவா?"

ஒலி அரை மணி நேரம் பயணம் செய்து பூமிக்குப் போக வேண்டும், பதில் அரை மணி நேரம் திரும்பி வர வேண்டும். ஜெசிந்தா அவிழ்ப்பகத்தைக் கூட்டினாள். கல்வத்தைக் கழுவினாள். கழுவிய கல்வத்தை மறுபடி கழுவினாள். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

தங்கதுரையின் சொந்தக் குரல்தான். தேன் இல்லை, அலங்காரம் இல்லை.

"ஜெசி" என்றது குரல்.

பிறகு மௌனம். மூச்சுச் சத்தம்கூட இல்லாத சுத்தமான மௌனம்.

பிறகு, "வா. வந்துரு" என்றது. அவ்வளவுதான்.

அந்த விநாடி அவளுக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. மறுபடி கேட்டாள். இரண்டாம் முறை கேட்டபோது அந்த மௌனம் பெரிதாகத் தெரிந்தது. மூன்றாம் முறை கேட்கும்போது, பட்டைகள் ஏறுவதைக் கணக்கிடும் நிறுத்துகடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம், கை சும்மா இருக்காது. பதினொரு விநாடி. இன்னும் இரண்டு முறை, அதே பதினொரு விநாடி. மூன்று முறையும் ஒரே அளவு வந்தால் அது நல்ல அளவீடு என்பது அவள் தொழிலின் பாலபாடம்.

"பொண்டாட்டி வரவான்னு கேட்டா, பதினோரு விநாடி யோசிக்கணுமா மெய்யா?"

"மனிதர்களின் மௌனத்துக்கு என்னிடம் நிர்ணய அளவு இல்லை" என்றது மெய்யன். "ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளலாமா?"

அவள் நிறுத்துகடிகாரத்தை மேசையில் வைத்தாள். அவர் யோசித்திருக்கிறார் என்று நினைத்தாள். தனியாக இருந்து பழகிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல், பதினொரு விநாடி தடுமாறி, பாவம், வா என்றிருக்கிறார். இல்லாவிட்டால் அந்தக் குரல் இப்படியா வறண்டு கிடக்கும்? மணி மூன்று. ஏன் தயங்கினீர்கள் என்று கேட்டிருந்தால் ஆறு மணிக்குள் தாராளமாகப் பதில் வந்திருக்கும். கேட்கவில்லை. ஒருமுறை கேட்டதே அதிகம், இரண்டாம் முறை கேட்டால் அது கெஞ்சல் என்று அவள் மானம் சொல்லியது. இலையை இரண்டாக வெட்டி ஒரு பாதியில் உப்புப் போட்டுப் பார்த்தவளுக்கு, குரலை அப்படி வெட்டிப் பார்க்க வழி தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இலையை வாட்டியது கல்வம் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரி, காதுக்கு வந்த மௌனத்தை அனுப்பியவர் கணக்கிலேயே எழுதினாள்.

ஐந்தே முக்காலுக்கு 'விட்டுக்கொடுக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாள். இருக்கை அடுத்தவருக்குப் போயிற்று.

பூமிக்கும் செரஸுக்கும் இடையே எல்லா ஒலியும் ஓர் அஞ்சல் நிலையத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அந்த நிலையத்தில் ஒரு சல்லடை உண்டு. பேச்சை மட்டும் விட்டு, மற்ற சத்தங்களை வடித்து, அந்த இடத்தில் சுத்தமான மௌனத்தை நிரப்பி அனுப்பும். சொல்துணையைக் கழற்றி வைக்கலாம், இந்தச் சல்லடையைக் கழற்ற முடியாது. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை. அதைச் செய்தவர்கள் நாம்தான். தொலைபேசியில் பேசுகிறபோது எதிராளி வீட்டுக் குக்கர் விசிலும், தெருவில் போகிற ஆட்டோ சத்தமும், நாய் குரைப்பதும் காதில் விழுந்து தொலைக்கிறதே என்று அலுத்துக்கொண்டு, நம் காலத்தில் ஆசையாகச் செய்து வைத்தது. தலைமுறை தலைமுறையாக மெருகேறி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. வார்த்தையாக இல்லாத எதுவும் அதற்கு இரைச்சல்தான்.

தூத்துக்குடியில் அன்று பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு காகம் கரைந்துகொண்டிருந்தது. தங்கதுரை, மனைவியின் திக்கித் திணறும் சொந்தக் குரலைப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்டுவிட்டு, "ஜெசி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பதினொரு விநாடி வாய்விட்டு, ஊர் கேட்க அழுதார். சல்லடை விசிலை எடுத்தது, காகத்தை எடுத்தது, அழுகையையும் எடுத்தது. பிறகு அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, குரல் உடைந்துவிடாமல் இருக்க மிகவும் கவனமாக, "வா. வந்துரு" என்றார்.

பேசி முடித்ததும் அவருக்கு ஒன்று நினைவு வந்தது. செரஸிலிருந்து வருகிறவர்களுக்குப் பூமியின் எடை பழகும்வரை எழுந்து உட்காரப் பிடிமானம் வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். கப்பல் வந்துசேர இன்னும் பதினேழு மாதம் இருந்தது. இருந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிலுக்குக் கைப்பிடி அடிக்க ஆசாரியைக் கூட்டிவரக் கிளம்பினார்.